பழைய எக்ஸ்பிக்குப் புது ஹார்ட் டிஸ்க்: மாட்டுவதற்கு முன்பு இதைப் படியுங்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் என் மாமா போன் செய்தார். "மாப்ளே, அந்தப் பழைய டப்பாவுக்குள்ள டிக் டிக்குனு சத்தம் வருது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ கண்ணு."

அவர் டப்பா என்று சொன்னது 2005இல் வாங்கிய பென்டியம் 4 கம்ப்யூட்டரை. அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. நான் பள்ளியில் படித்தபோது விடுமுறைக்குப் போனால் அதில்தான் பின்பால் விளையாடுவேன். இப்போது சரவணம்பட்டியில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் அதே மேசையில், அதே தூசியோடு இருக்கிறது.

"அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். மாமாவின் பட்டறையில் வயர் கட் மெஷின் இருக்கிறது. மெல்லிய கம்பியில் மின்பொறி பாய்ச்சி இரும்பை அறுக்கும் மெஷின் அது. பம்ப் மோட்டார்களுக்கான ஸ்டாம்பிங் டைகளை இதில் வெட்டுகிறார். மெஷினை ஓட்டுவது கம்ப்யூட்டருக்குள் சொருகியிருக்கும் ஒரு பழைய பிசிஐ கார்டு. அந்தக் கார்டுக்கான டிரைவர் எக்ஸ்பிக்கு மட்டுமே எழுதப்பட்டது. புதிய மதர்போர்டுகளில் அந்தக் கார்டைச் சொருக இடமே இருப்பதில்லை. ஆகவே கம்ப்யூட்டரை மாற்றினால் மெஷினையும் மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் தொகை லட்சங்களில்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனால் எக்ஸ்பி அன்றோடு மறைந்துவிடவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூனில்கூட, ஆதரவு முடிந்த விண்டோஸில் ஓடும் ஏடிஎம்களை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. வங்கிகளுக்கே அந்த நிலை என்றால் ஒரு சின்னப் பட்டறையைக் குறை சொல்ல முடியாது. உங்கள் வீட்டிலோ அப்பாவின் கடையிலோ இப்படி ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருக்கலாம். அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டால், இப்போது கடையில் கிடைக்கும் பெரிய டிஸ்க்கை அதில் எப்படி ஓட வைப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம். எக்ஸ்பியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதிய டிஸ்க் அதன் கணக்குக்கு அடங்காவிட்டால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லாது. பேசாமல் தப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வேலை செய்யும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் காப்பி, பிறகுதான் மற்றதெல்லாம்

டிக் டிக் சத்தம் என்றால் டிஸ்க்கின் உள்ளே உள்ள தலை, தட்டில் தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கிறது என்று பொருள். 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் கோவைப் பட்டறைகள் பட்ட மின்வெட்டு உங்களுக்கு நினைவிருக்கலாம். 2012இல் ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. அத்தனையையும் தாங்கி வந்த டிஸ்க் அது. இந்த நிலையில் ஸ்கேன் டிஸ்க், டீபிராக் போன்ற எதையும் ஓட்ட வேண்டாம். அவை டிஸ்க்கை முழுவதும் சுற்றிச் சுற்றிப் படிக்கும். மிச்சமிருக்கும் உயிரும் போய்விடும். கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்றில் மாட்டி என் லேப்டாப்பில் இணைத்தேன். இந்தக் கன்வெர்ட்டர் சில நூறு ரூபாய்தான். பழைய பட்டை கேபிள் டிஸ்க்குக்கும் புதிய சாட்டா டிஸ்க்குக்கும் இரண்டுக்குமே பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். காப்பி எடுக்கும்போது எது போனால் திரும்பக் கிடைக்காதோ அதை முதலில் எடுக்க வேண்டும். மாமாவுக்கு அது டிராயிங் போல்டர். 2005 முதல் அவர் வெட்டிய ஒவ்வொரு டைக்கும் ஒரு பைல். அவற்றில் சில, இன்றைக்கு இல்லாத கம்பெனிகளின் மோட்டார்களுக்கானவை. கிணற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மோட்டாருக்கு ஸ்டாம்பிங் வேண்டும் என்று யாராவது வந்தால் அந்தப் பைல்தான் ஆதாரம். காகித வரைபடம் எங்கும் கிடையாது. அடுத்து மெஷின் சாப்ட்வேரின் போல்டர். வெட்டும் வேகம், மின் அளவு போன்ற செட்டிங்குகள் அதில்தான் இருந்தன. பாட்டு, படம் எல்லாம் கடைசி.

மறுநாள் அதே டிஸ்க்கை மீண்டும் இணைத்தேன். சுற்றவே இல்லை. ஒரு நாள் தாமதித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

கடையில் சொன்னதும் உண்மையும்

காந்திபுரத்தில் ஒரு கடையில் 1 டிபி டிஸ்க் கேட்டேன். எக்ஸ்பி என்று சொன்னதும் கடைக்காரர், "எக்ஸ்பியில எல்லாம் இது எடுக்காதுங்க" என்றார். அவர் சொன்னது பாதி உண்மை. எடுக்கும், ஆனால் வழியில் சில சுவர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தாண்டுவோம்.

அதற்கு முன் புதியவர்கள் எல்லோரும் கேட்கும் ஒரு சந்தேகம். 1 டிபி டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் அதையே 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று எண்ணுகிறது. கிலோ மாறவில்லை, படிக்கல்தான் வேறு.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால்

எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. அப்போது வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருந்தவை பட்டையான கேபிளில் இணையும் ஐடிஇ டிஸ்க்குகள். இப்போதுள்ள சாட்டா டிஸ்க்கைப் புதிய முறையில் இயக்க ஏஹெச்சிஐ என்று ஒரு முறை உண்டு. அதற்கான டிரைவர் எக்ஸ்பி சிடியில் கிடையாது. அதனால் எக்ஸ்பி சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்யப் போனால், உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் எதுவுமே இல்லை என்று ஒரு செய்தி வந்து நின்றுவிடும். ஏற்கனவே எக்ஸ்பி உள்ள டிஸ்க்காக இருந்தால் நீலத் திரை வரும். அதன் கீழே வரும் எண்ணின் கடைசியில் 7பி என்று இருக்கும். 'பூட் ஆக வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை' என்று அர்த்தம். பல பேர் இதைப் பார்த்துவிட்டு டிஸ்க் பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார்கள்.

தீர்வு எளிது. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் கீயை (சிலவற்றில் எஃப்2) தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். அதில் சாட்டா மோடு அல்லது சாட்டா கான்பிகரேஷன் என்ற இடத்தைத் தேடுங்கள். அங்கே ஏஹெச்சிஐ என்று இருந்தால் அதை ஐடிஇ என்று மாற்றி, சேவ் செய்து வெளியே வாருங்கள். சில போர்டுகளில் கம்பேட்டிபிள் என்றோ லெகசி என்றோ இருக்கும். இப்போது எக்ஸ்பி அந்தச் சாட்டா டிஸ்க்கைப் பழைய ஐடிஇ டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும்.

பயாஸில் ஐடிஇ என்ற தேர்வே இல்லாவிட்டால், சாட்டா டிரைவரை எக்ஸ்பி சிடியோடு சேர்த்துப் புது சிடி தயாரிக்க வேண்டும். என்லைட் என்ற இலவச சாப்ட்வேர் இதற்குப் பயன்படுகிறது. அந்தக் காலத்தில் இன்ஸ்டால் தொடங்கும்போது எஃப்6 கீயை அழுத்தி பிளாப்பியில் இருந்து டிரைவர் கொடுப்பார்கள். இன்றைக்குப் பிளாப்பிக்கு எங்கே போவது? அந்த வழியை மறந்துவிடலாம்.

உங்கள் பழைய போர்டு விஐஏ சிப் கொண்டதாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. விடி8237 போன்ற சிப்கள் முதல் தலைமுறை சாட்டா வேகத்தில் மட்டுமே பேசும். வேகமான டிஸ்க்கை மாட்டினால் பயாஸிலேயே தெரியாது. பல டிஸ்க்குகளின் பின்புறம் ஜம்பர் போடும் சின்ன ஊசிகள் உண்டு. எந்த இரண்டு ஊசிகளில் ஜம்பர் போட்டால் வேகம் 1.5 ஜிகாபிட்டாகக் குறையும் என்பதை அந்த மாடலின் லேபிளிலோ கையேட்டிலோ பார்த்துப் போடுங்கள். மாமாவின் போர்டு இன்டெல் சிப்செட் என்பதால் எனக்கு இந்தத் தொல்லை இல்லை.

டிவிஎஸ் 50 மீட்டரும் 128 ஜிபியும்

அடுத்த சுவர்தான் விவரமாகப் புரிந்துகொள்ள வேண்டியது. ஹார்ட் டிஸ்க்கில் உள்ள இடம் செக்டர் என்ற சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறையில் 512 பைட். ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு எண். விண்டோஸ் ஒரு பைலைப் படிக்க வேண்டும் என்றால் "இத்தனையாம் எண் அறையைத் திற" என்று டிஸ்க்கிடம் சொல்கிறது.

பழைய முறையில் இந்தக் கதவு எண்ணை எழுத 28 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். 28 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 26,84,35,456. அதை 512ஆல் பெருக்கினால் சுமார் 13,744 கோடி பைட். டிஸ்க் கம்பெனி கணக்கில் 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128 ஜிபி. அதற்கு மேல் உள்ள அறைகளுக்குக் கதவு எண்ணே எழுத முடியாது.

அப்படியானால் அதற்கு மேல் எழுதப் போனால் என்ன ஆகும்? எங்கள் தாத்தா வைத்திருந்த டிவிஎஸ் 50இல் கிலோமீட்டர் காட்டும் இடத்தில் ஐந்தே இலக்கம். 99999க்கு அடுத்த கிலோமீட்டரில் அது 00000 ஆகிவிடும். வண்டி நிற்காது, மணி அடிக்காது, பார்ப்பவருக்குப் புது வண்டி போலத் தெரியும். டிஸ்க்கிலும் இப்படி நடக்கலாம். மேல் இலக்கம் வெட்டுப்பட்டு, 128 ஜிபிக்கு அப்பால் எழுத வேண்டியது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும். தொடக்கத்தில்தான் பார்ட்டிஷன் விவரமும் எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் இருக்கின்றன. விண்டோஸ் 98, எம்ஈ, 2000 ஆகியவற்றை 137 ஜிபி எல்லையைத் தாண்டி நீளும் பார்ட்டிஷனில் போட்டால் டேட்டா அழியும் என்று மைக்ரோசாப்டே எச்சரித்திருக்கிறது. டிஸ்க்கில் பாதி நிரம்பும் வரை எல்லாம் நன்றாகவே ஓடும். அதனால்தான் இது ஆபத்து.

எக்ஸ்பியில் 2002இல் வந்த சர்வீஸ் பேக் 1 முதல் கதவு எண் 48 பிட் ஆகிவிட்டது. ஆகவே உங்களிடம் இருப்பது எந்த எக்ஸ்பி என்று பார்க்க வேண்டும். மை கம்ப்யூட்டர் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால், ஜெனரல் பக்கத்தில் சர்வீஸ் பேக் 2 என்றோ 3 என்றோ எழுதியிருக்கும். எதுவும் எழுதவில்லை என்றால் அது 2001ஆம் ஆண்டு எக்ஸ்பி. பெரிய டிஸ்க்கை அதன் அருகில் கொண்டு போக வேண்டாம்.

மாமாவின் பட்டறையில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்த பையில் இரண்டு எக்ஸ்பி சிடிகள் கிடைத்தன. தெரியாமல் பழையதை முதலில் போட்டேன். 1 டிபி டிஸ்க்கை அது 131 ஆயிரத்துச் சொச்சம் எம்பி என்று காட்டியது. 131ஐப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டேன். உங்களுக்கும் இந்த எண் தெரிந்தால் அதே சிடியில் தொடர வேண்டாம். இரண்டாவது சிடி சர்வீஸ் பேக் 2. அது முழு அளவையும் சரியாகக் காட்டியது. பயாஸும் பெரிய டிஸ்க்கை முழு அளவில் காட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 2002க்கு முந்தைய போர்டுகளில் பல தடுமாறும்.

இந்த மாதிரி சுவர் இது முதல் முறையும் அல்ல. 528 எம்பியில் ஒன்று, 8.4 ஜிபியில் ஒன்று என்று முன்பே வந்து போயின. "இவ்வளவு பெரிய டிஸ்க்கை யார் வாங்கப் போகிறார்கள்" என்று ஒவ்வொரு முறையும் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

3 டிபி வாங்கினால் 746 ஜிபி

விலை வித்தியாசம் குறைவுதானே என்று 3 டிபி, 4 டிபி டிஸ்க் வாங்கிவிடாதீர்கள். எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் கதவு எண்ணுக்கு 32 பிட் இடம். கணக்குப் போட்டால் 2.2 டிபியோடு முடிகிறது. ஜிபிடி என்ற புதிய முறையில் இந்த எல்லை இல்லை. ஆனால் நாம் எல்லோரும் பயன்படுத்திய 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி புரியாது. 3 டிபி டிஸ்க்கை எக்ஸ்பியில் மாட்டினால் 746 ஜிபி என்று காட்டும். இந்த எண் எங்கிருந்து வருகிறது? மொத்தத்தில் 2.2 டிபி போக மிச்சம் இருப்பது. நம் டிவிஎஸ் 50 மீட்டர் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. ஆகவே எக்ஸ்பிக்கு 2 டிபி வரை போதும். மாமாவின் டிராயிங் எல்லாம் சேர்த்து மூன்று ஜிபிகூட இல்லை. 1 டிபியே அதிகம்தான். கடையில் அதைவிடச் சின்னது அன்று இல்லை.

63 என்ற எண்

இனி வருவது டேட்டாவை அழிக்காது, பொறுமையை அழிக்கும். 2010 வாக்கில் இருந்து டிஸ்க் கம்பெனிகள் அறையின் அளவை 512 பைட்டில் இருந்து 4096 பைட்டாக மாற்றின. பழைய விண்டோஸ் குழம்பக் கூடாது என்பதற்காக, வெளியே மட்டும் 512 என்றே டிஸ்க் சொல்லிக்கொள்கிறது. உள்ளே எட்டு எட்டுச் செக்டராகச் சேர்த்து ஒரே அறை.

எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63ஆம் எண் செக்டரில் தொடங்கும். 63 எட்டால் வகுபடாது. கணக்கு நோட்டில் ஒவ்வொரு வரவும் ஒரு பக்கத்தின் கடைசியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிந்தால் எப்படி இருக்கும்? ஒரு வரவைத் திருத்த இரண்டு பக்கத்தையும் புரட்ட வேண்டும். டிஸ்க்கும் அப்படித்தான், ஒரு சின்னப் பைலை எழுத இரண்டு அறைகளைப் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டி வரும். புது டிஸ்க் போட்டும் பழையதைவிட மெதுவாக இருக்கிறதே என்று தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தாலும் இந்த 63 கூடவே வந்துவிடும்.

விஸ்டா முதல் வந்த விண்டோஸ்கள் 2048ஆம் செக்டரில், அதாவது சரியாக ஒரு எம்பி தள்ளித் தொடங்குகின்றன. அது எட்டால் வகுபடும். ஆகவே டிஸ்க்கை எக்ஸ்பியிடம் பிரிக்கக் கொடுக்காமல், புதிய கம்ப்யூட்டரில் பிரித்துவிட்டு எக்ஸ்பியிடம் கொடுக்க வேண்டும். செய்யும் முறை இதோ.

புதிய டிஸ்க்கை யுஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டி, விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கம்ப்யூட்டரில் இணையுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் புதிய டிஸ்க்கைத் தயார் செய்யவா என்று கேட்கும். எம்பிஆர், ஜிபிடி என இரண்டு தேர்வுகள் வரும். எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த டிஸ்க்கில் செய்கிறோம் என்பதை அளவைப் பார்த்து இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் லேப்டாப் டிஸ்க்கும் அதே பட்டியலில்தான் இருக்கும். பிறகு எக்ஸ்பிக்காக 60 ஜிபியில் ஒரு பார்ட்டிஷன், டேட்டாவுக்கு இன்னொன்று. இரண்டும் என்டிஎஃப்எஸ், இரண்டும் பிரைமரி. முதல் பார்ட்டிஷன் மீது ரைட் கிளிக் செய்து, ஆக்டிவ் என்று குறிக்கும் தேர்வையும் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கைப் பழைய கம்ப்யூட்டரில் மாட்டி எக்ஸ்பி சிடியில் பூட் செய்யுங்கள். பார்ட்டிஷன் பட்டியல் வரும்போது 60 ஜிபி உள்ளதைத் தேர்ந்தெடுத்து என்டர் மட்டும் தட்டவும். டி எழுத்தைத் தட்டினால் பார்ட்டிஷனை அழிக்கும். சி தட்டினால் புதிதாக உருவாக்கும். இரண்டையும் தொடாதீர்கள். அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினால் எக்ஸ்பி பழையபடி 63இல் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த திரையில் பார்மட் செய்யும் தேர்வுகளுக்குக் கடைசியாக, மாற்றம் செய்யாமல் அப்படியே விடும் தேர்வு இருக்கும். அதைக் கொடுக்கவும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு வழி. எக்ஸ்பியில் ஸ்டார்ட், ரன் போய், எம், எஸ், ஐ, என், எஃப், ஓ என்ற ஆறு எழுத்துகளையும் 32 என்ற எண்ணையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். காம்பொனன்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போனால், பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆப்செட் என்று ஓர் எண் இருக்கும். 32,256 என்றால் 63இல் தொடங்கியிருக்கிறது. 10,48,576 என்றால் சரி.

நான் செய்த தவறு

மேலே "இரண்டும் பிரைமரி" என்று எழுதியதற்கு ஒரு கதை இருக்கிறது. முதல் முறை நான் அப்படிச் செய்யவில்லை. எக்ஸ்பிக்கு ஒரு பிரைமரி பார்ட்டிஷன், மிச்சத்தை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் ஒரு லாஜிக்கல் டிரைவ், மீதி காலியிடம் என்று பிரித்திருந்தேன். டிராயிங் போல்டரை அந்த லாஜிக்கல் டிரைவில் வைத்தேன். என் லேப்டாப்பில் இடம் குறைவு. அதனால் காப்பி செய்யாமல் கட் செய்து பேஸ்ட் செய்தேன். பழைய டிஸ்க் செத்துவிட்டது. ஆக, டிராயிங் இருந்தது ஒரே இடத்தில்.

எக்ஸ்பி ஏறியது. கார்டின் டிரைவரும் ஏறியது. மெஷின் ஓடியது. மாமா டீ வாங்கி வரச் சொன்னார். அத்தோடு கிளம்பியிருக்கலாம். "மாப்ளே, பில்லு போடுறதுக்குத் தனியா ஒரு டிரைவ் இருந்தா நல்லாருக்கும்" என்றார். இதென்ன பெரிய வேலை என்று, எக்ஸ்பியின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து காலியிடத்தில் ஒரு புதிய லாஜிக்கல் டிரைவ் உருவாக்கினேன். ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் புதிய டிரைவ் இருக்கிறது, டிராயிங் டிரைவைக் காணோம்.

லாஜிக்கல் டிரைவ்களின் விவரம் ஒன்றோடு ஒன்று கோத்த சங்கிலி போல எழுதப்பட்டிருக்கும். எக்ஸ்பி அதைத் தன் 63 செக்டர் கணக்கில்தான் திருத்தும். புதிய விண்டோஸோ ஒரு எம்பி கணக்கில் எழுதும். கணக்கு ஒத்துப்போகாத கண்ணி விடுபட்டுப் போகிறது. விஸ்டா வந்த காலத்திலேயே மைக்ரோசாப்ட் இதைப் பற்றிக் குறிப்பு வெளியிட்டிருந்தது. பொறியியல் படித்து, சாப்ட்வேரில் வேலை பார்க்கும் எனக்கு அது அன்று இரவுதான் தெரிந்தது.

மாமாவிடம் சொன்னேன். திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "இதுல எத்தனை திரும்ப வரைய முடியும்னு பாக்கோணும்" என்று மட்டும் சொன்னார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இப்படி நேர்ந்தால் அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதக் கூடாது. பார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்ட்டிஷன் காணாமல் போனால் போவது கதவு எண் பட்டியல்தான். அறைக்குள் இருக்கும் சாமான் அப்படியே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் இணைத்து, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டினேன். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும், பயப்பட வேண்டாம். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ், பிறகு குவிக் சர்ச். தேடி முடித்ததும் கிடைத்த பார்ட்டிஷன்களின் பட்டியல் வந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து பி எழுத்தைத் தட்டினால் உள்ளே உள்ள பைல்களைக் காட்டும். டிராயிங் போல்டரின் பெயரைத் திரையில் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்தத் திரையிலேயே பைல்களை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யும் வசதியும் உண்டு. முதலில் அதைச் செய்தேன். இந்த முறை கட் இல்லை, காப்பி.

பிறகு டிஸ்க்கை முழுதாக அழித்து, இரண்டு பிரைமரி பார்ட்டிஷன்களாகப் பிரித்து, எக்ஸ்பியை மறுபடி போட்டேன். பில்லுக்கு டிரைவ் இல்லை, ஒரு போல்டர்.

இன்னும் சில விஷயங்கள்

எக்ஸ்பி கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, மைக்ரோசாப்ட் ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்த எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு பேட்ச் வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் அப்படிக் கொடுக்க மாட்டார்கள். மாமாவின் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கேபிளை உருவி, அந்த ஓட்டையில் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறோம்.

பென் டிரைவில் டிராயிங் கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போதைய பெரிய பென் டிரைவ்கள் பல எக்ஸ்ஃபேட் பார்மட்டில் வருகின்றன. தனி அப்டேட் போடாத எக்ஸ்பி அதைப் படிக்காது. பார்மட் செய்யவா என்று கேட்கும். 32 ஜிபி பென் டிரைவை ஃபேட்32இல் வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

எஸ்எஸ்டி போடலாமா என்று கேட்பார்கள். சாட்டா எஸ்எஸ்டி ஓடும். மேலே சொன்ன 63 விஷயம் அதற்கும் பொருந்தும். மதர்போர்டில் நேராகச் சொருகும் என்விஎம்ஈ வகையை எக்ஸ்பிக்காக வாங்க வேண்டாம்.

கார்டு, மெஷின் என்று எதுவும் இல்லாமல், ஒரு பழைய சாப்ட்வேருக்காகவோ விளையாட்டுக்காகவோ மட்டும் எக்ஸ்பி தேவை என்றால் இத்தனை பாடு வேண்டாம். புதிய கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேரைப் போட்டு, அதற்குள் எக்ஸ்பியை இன்ஸ்டால் செய்யலாம். அங்கே எக்ஸ்பியின் டிஸ்க் என்பது உங்கள் டிஸ்க்கில் உள்ள ஒரு பைல்தான். அதை 40 ஜிபி என்று வைத்துவிட்டால் எந்தச் சுவரும் குறுக்கே வராது.

மாமாவின் டிராயிங் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று பட்டறை டிஸ்க்கில், ஒன்று என்னிடம், ஒன்று வீட்டில் அத்தை நகைப் பெட்டியில் வைத்திருக்கும் பென் டிரைவில். சத்தம் போட்ட பழைய 80 ஜிபி டிஸ்க்கை அவர் தூக்கிப் போடவில்லை. மெஷின் மேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார். ஆடிக்காற்றுக்கு நன்றாகத் தாங்குகிறதாம்.